பெரிய குத்துச்சண்டை அறிவிப்பு வந்தால், அது நடக்குமா நடக்காதா என்று கண்டுபிடிப்பது எப்படி

2021 மே 16, ஞாயிற்றுக்கிழமை. டைசன் ஃப்யூரி ஒரு வீடியோ போட்டார். ஆகஸ்ட் 14ஆம் தேதி சவூதி அரேபியாவில் ஆந்தனி ஜோஷுவாவோடு சண்டை, நூற்றுக்கு நூறு உறுதி என்றார். இரண்டு பேரும் பிரிட்டன்காரர்கள், ஹெவிவெயிட்டின், அதாவது மிக அதிக எடைப் பிரிவின், நான்கு பெரிய பெல்ட்டுகளும் (சாம்பியன் பட்டங்களும்) அப்போது இந்த இரண்டு பேரிடம்தான் இருந்தன, இதைவிட வேறென்ன வேண்டும். நானும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன். மறுநாளே எல்லாம் போனது. டியான்டே வைல்டரோடு மூன்றாவது முறை மோதியே ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு மத்தியஸ்தர் ஃப்யூரிக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த வழக்கு பல மாதமாக ஓடிக்கொண்டிருந்தது, ரகசியம் ஒன்றும் கிடையாது, செய்திகளில் வந்த விஷயம்தான். வீடியோவை நான்கு முறை பார்த்த நான் அந்தச் செய்தியை ஒரு முறைகூட முழுதாகப் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு எந்தப் பெரிய சண்டை அறிவிப்பு வந்தாலும் சில விஷயங்களைப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறேன். அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். குத்துச்சண்டையைப் புதிதாகப் பார்க்க ஆரம்பித்தவர்களுக்கு இது ரொம்ப உதவும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நடக்காத சண்டைக்காக வருஷக்கணக்கில் காத்திருந்து மனம் வெறுத்துப் போனவர்களை எனக்குத் தெரியும்.

முதல் வேலை, "யார் பயந்து ஓடினார்?" என்ற கேள்வியை மறந்துவிடுங்கள். ரசிகர்கள் பத்தில் ஒன்பது பேர் இதைத்தான் பேசுகிறார்கள், இதனால் ஒன்றுமே புரிவதில்லை. பதினைந்து வயதிலிருந்து முகத்தில் குத்து வாங்கி வளர்ந்தவர்கள் இவர்கள். பயம் இருக்கலாம், ஆனால் சண்டையை நிறுத்துவது பெரும்பாலும் வேறொன்று. அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: இந்தச் சண்டை இந்த வருஷம் நடக்காவிட்டால் யாருக்கு நஷ்டம்? இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட அதே அளவு பணம் தரக்கூடிய, தோற்க வாய்ப்பு குறைவான இன்னொரு சண்டை கையில் இருந்தால், இரண்டு பேருமே "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் சொல்வார்கள். கிரிக்கெட்டில் உலகக் கோப்பைக்கு அட்டவணை போட்டுவிட்டால் அணிகள் வந்து ஆடித்தான் ஆக வேண்டும். இங்கே அட்டவணை போட ஆளே கிடையாது. டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று நான்கு அமைப்புகள், நான்கும் தனித்தனியாகத் தரவரிசை போடுகின்றன, தனித்தனியாக பெல்ட் தருகின்றன. வீரருக்கு ஒரு ப்ரமோட்டர், அதாவது சண்டையை ஏற்பாடு செய்து நடத்துபவர், அந்த ப்ரமோட்டருக்கு ஒரு டிவி ஒப்பந்தம். இத்தனை பேரும் ஒரே தேதியில் தலையாட்டினால்தான் மணி அடிக்கும்.

யாருக்கு யார் கடன்பட்டிருக்கிறார்

சரி, அறிவிப்பு வந்துவிட்டது. நீங்கள் தேட வேண்டிய முதல் விஷயம், இந்த இரண்டு பேரில் யாராவது மூன்றாவது ஆள் ஒருவருக்கு ஏற்கெனவே சண்டை கொடுக்க வேண்டிய நிலையில் இருக்கிறாரா என்பது. இது இரண்டு விதமாக வரும். ஒன்று, ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்ட ரீமேட்ச், அதாவது அதே ஆளோடு மறுபடி மோத வேண்டும் என்ற நிபந்தனை. ஃப்யூரியை வைல்டர் மடக்கியது இப்படித்தான். இன்னொன்று மேண்டேட்டரி, அதாவது பெல்ட் வைத்திருப்பவர் குறிப்பிட்ட காலத்துக்குள் அந்த அமைப்பு கைகாட்டும் ஆளோடு மோத வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட் போய்விடும். 2018இல் ஜோஷுவாவும் வைல்டரும் இரண்டு பேருமே தோல்வி காணாதவர்கள், வைல்டர் தரப்பு ஜோஷுவாவுக்கு 5 கோடி டாலர் தருவதாகச் சொன்னது, உலகமே பேசியது. நடுவில் டபிள்யூபிஏ வந்து, அலெக்ஸாண்டர் பொவெட்கின் வரிசையில் நிற்கிறார், முதலில் அவரோடு மோதுங்கள் என்றது. ஜோஷுவா அந்தச் செப்டம்பரில் பொவெட்கினோடு மோதினார். வைல்டரோடு அவர் இன்றுவரை மோதவில்லை.

வரிசையில் நிற்பவருக்குப் பணம் கொடுத்து ஒதுங்கி நிற்கச் சொல்வதும் உண்டு. 1996இல் மைக் டைசன் முதலில் புரூஸ் செல்டனோடு மோதுவதற்காக லென்னாக்ஸ் லூயிஸுக்கு 40 லட்சம் டாலர் கொடுத்து விலகி நிற்க வைத்தார்கள். ஒரு குத்துகூட விடாமல் வந்த பணம் அது. அதனால் "விலகிக்கொள்ளப் பேச்சு நடக்கிறது" என்று செய்தி வந்தால் அது நல்ல அறிகுறி, பெரிய சண்டைக்காக யாரோ உண்மையிலேயே பணத்தை எடுத்து மேஜை மேல் வைக்கிறார்கள் என்று அர்த்தம். வரிசையில் ஆள் நிற்கிறார், அவரைப் பற்றி யாருமே பேசவில்லை என்றால் அந்த அறிவிப்பைச் சந்தேகப்படுங்கள்.

நடக்காமல் போனதில் என்னை இன்றும் அதிகம் வருத்துவது ரிடிக் போவ் - லென்னாக்ஸ் லூயிஸ். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு சண்டை எப்படிச் சாகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

1988 சியோல் ஒலிம்பிக்ஸ் சூப்பர் ஹெவிவெயிட் இறுதிப் போட்டியில் கனடாவுக்காக லூயிஸ், அமெரிக்காவுக்காக போவ். இரண்டாவது சுற்றில் லூயிஸ் ஜெயித்தார். நான்கு வருஷம் கழித்து இரண்டு பேரும் தொழில்முறையில் உச்சிக்கு வந்துவிட்டார்கள். 1992 அக்டோபர் 31ஆம் தேதி லண்டனில் டோனவன் ரடக்கை லூயிஸ் இரண்டே சுற்றில் சாய்த்து டபிள்யூபிசியின் சவாலாளர் ஆனார். இரண்டு வாரம் கழித்து லாஸ் வேகஸில் எவாண்டர் ஹோலிஃபீல்டைத் தோற்கடித்து போவ் உலக சாம்பியன் ஆனார், பன்னிரண்டு சுற்றும் நின்று அடித்துக்கொண்ட அற்புதமான சண்டை அது. இனி போவ், லூயிஸோடு மோத வேண்டும், விதி அப்படித்தான் சொன்னது. பணத்தை எப்படிப் பங்கு போடுவது என்பதில் பேச்சு முறிந்தது. டிசம்பரில் லண்டனில் செய்தியாளர்களைக் கூட்டி, போவ் அந்த டபிள்யூபிசி பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். பச்சை நிற பெல்ட், நடுவில் தங்கத் தட்டு, குத்துச்சண்டையில் நுழையும் ஒவ்வொரு பையனும் கனவு காணும் பொருள். புகைப்படத்தில் அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. லூயிஸ் ரிங்கில் ஏறாமலேயே சாம்பியன் ஆனார்.

அப்புறம் என்ன நடந்தது என்று கவனியுங்கள். போவ் அடுத்து மைக்கேல் டோக்ஸோடு மோதினார், ஒரே சுற்று. அடுத்து ஜெஸ்ஸி ஃபெர்குசன், இரண்டாவது சுற்றில் முடிந்தது. எளிதான சண்டைகள், நல்ல பணம். 1993 நவம்பரில் ஹோலிஃபீல்டோடு மறுபடி மோதியபோது தோற்றார். இப்போது போவ் சாம்பியன் இல்லை, அவரோடு மோத லூயிஸுக்கு அவசரமும் இல்லை. மறுபடி 1994இல் பேச்சு சூடுபிடித்தது. செப்டம்பரில் லண்டன் வெம்ப்ளியில் ஆலிவர் மெக்கால் என்ற, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஆள், லூயிஸை இரண்டாவது சுற்றில் விழவைத்தார். அதோடு சரி. 1996இல் ஆண்ட்ரூ கொலோட்டாவோடு இரண்டு முறை மோதி உடம்பு நைந்துபோன போவ் ஒதுங்கிவிட்டார். இதில் பயந்தது யார் என்று முப்பது வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். என் கணக்கில் இந்தச் சண்டை செத்தது 1993இன் முதல் பாதியில், டோக்ஸோடும் ஃபெர்குசனோடும் மோதினாலே போதுமான பணம் வருகிறது என்று தெரிந்த நாளில்.

இடையில் இருக்கும் சண்டை

இதிலிருந்து நேராக வருகிறது அடுத்த சோதனை. அறிவிப்பில் "முதலில் இருவரும் தனித்தனியாக ஒரு சண்டை, அதில் ஜெயித்தால் பிறகு நேருக்கு நேர்" என்று ஒரு வரி இருந்தால் என் நம்பிக்கை பாதியாகக் குறைந்துவிடும். ஆறவைத்தால் ஆர்வம் ஏறும், பணமும் ஏறும் என்பது ப்ரமோட்டர்களின் கணக்கு. ஹெவிவெயிட்டில் ஒரே ஒரு குத்து அந்தக் கணக்கை முடித்துவிடும். 1990இல் டைசனும் ஹோலிஃபீல்டும் மோதுவதாக இருந்தது, அதற்கு முன்னால் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸோடு ஒரு சும்மா சண்டை என்று போன டைசன் பத்தாவது சுற்றில் தரையில் கிடந்தார். 2019 ஜூன் 1ஆம் தேதி நியூயார்க்கில் ஜோஷுவாவை ஆண்டி ரூயிஸ் நான்கு முறை கீழே தள்ளி ஏழாவது சுற்றில் முடித்தார், அதுவும் ரூயிஸ் கடைசி நேரத்தில் மாற்று ஆளாக வந்தவர். அதோடு ஜோஷுவா - வைல்டர் சண்டையின் பளபளப்பு பாதி போனது. மீதியும் போனது 2023 டிசம்பர் 23ஆம் தேதி ரியாத்தில். அன்று ஒரே மேடையில் இரண்டு பேருக்கும் தனித்தனி எதிராளிகள், இருவரும் ஜெயித்தால் அடுத்து நேருக்கு நேர் என்பது திட்டம். ஜோஷுவா ஒழுங்காக ஜெயித்தார். அதற்கு முன்பே வைல்டர் ஜோசப் பார்க்கரிடம் தோற்றிருந்தார்.

அதனால் இடைச் சண்டையின் எதிராளி யார் என்று பாருங்கள். குத்து பலமாக இருக்கும் ஆளா, தோற்றாலும் இழக்க ஒன்றும் இல்லாத ஆளா? அப்படியென்றால் கனவுச் சண்டைக்குத் தேதி குறிக்காதீர்கள்.

பணத்தை விட்டு, சின்ன எழுத்தைப் பாருங்கள்

செய்திகள் பங்கு விகிதத்தைப் பற்றித்தான் அதிகம் பேசும், 50-50, 60-40 என்று. உண்மையில் பங்கு முடிந்த பிறகும் சண்டைகள் உடைகின்றன. 2023 ஏப்ரல் 29ஆம் தேதி வெம்ப்ளியில் ஃப்யூரி - ஒலெக்சாண்டர் உசிக் சண்டைக்குப் பேச்சு நடந்தபோது, ஃப்யூரிக்கு 70, தனக்கு 30 என்ற விகிதத்துக்கு உசிக் சம்மதித்துவிட்டார். மூன்று பெல்ட் வைத்திருந்தவர் 30 சதவீதத்துக்குத் தலையாட்டியதைப் பார்த்து, இனி தடையே இல்லை என்று எல்லோரும் நினைத்தோம். ரீமேட்ச் நடந்தால் அதில் பங்கு எப்படி என்ற இடத்தில் உடைந்தது. கடைசியில் ரியாத்தில் 2024 மே 18ஆம் தேதிதான் மோதினார்கள்.

எல்லோருக்கும் தெரிந்த கதை ஃபிளாய்ட் மேவெதர் - மேனி பாக்கியாவ். 2010 மார்ச் 13 என்று தேதி, பணம் எல்லாம் பேசியாகிவிட்டது. ஊக்கமருந்தைக் கண்டுபிடிக்க முன்னறிவிப்பு இல்லாமல் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றது மேவெதர் தரப்பு. சண்டைக்கு எத்தனை நாள் முன்பு ரத்தம் எடுப்பதை நிறுத்துவது, 14 நாளா 24 நாளா என்ற இடத்தில் மத்தியஸ்தமும் தோற்றது. மத்தியஸ்தம் செய்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி டேனியல் வைன்ஸ்டீன். பதினோரு வருஷம் கழித்து ஃப்யூரிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னவரும் இவரேதான், அதனால் இந்தப் பெயர் ஒரு சண்டைச் செய்தியில் வந்தால் நான் உட்கார்ந்து கவனமாகப் படிப்பேன். பாக்கியாவ் அதே மார்ச் 13இல் ஜோஷுவா கிளாட்டியோடு மோதினார், மேவெதர் மே மாதம் ஷேன் மோஸ்லியோடு. இருவருக்கும் நல்ல பணம். பழையபடி அதே கதை.

அதற்குப் பிறகு டிவி பிரச்சினை வேறு சேர்ந்தது. பாக்கியாவ் ஹெச்பிஓவில், மேவெதர் 2013இல் ஷோடைமுக்குப் போய்விட்டார். இரண்டு நிறுவனமும் சேர்ந்து ஒளிபரப்பினால்தான் நடக்கும், அப்படிச் சேர்ந்தது அதற்கு முன்பு ஒரே ஒரு முறை, 2002இல் மெம்ஃபிஸில் நடந்த லூயிஸ் - டைசன் சண்டைக்கு. 2015 ஜனவரியில் மயாமியில் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தில் இருவரும் தற்செயலாகப் பார்த்துக்கொண்டார்கள், மைதானத்தின் ஓரத்திலேயே நின்று பேசினார்கள், போன் நம்பர் மாற்றிக்கொண்டார்கள். அடுத்த மாதம் 20ஆம் தேதி மேவெதர் ஒப்பந்தத்தின் படத்தையே வெளியிட்டார். மே 2ஆம் தேதி இரவு சண்டை, நமக்கு ஞாயிறு காலை. அமெரிக்காவில் மட்டும் 46 லட்சம் வீடுகள் காசு கட்டிப் பார்த்தன. ஆனால் மேவெதருக்கு வயது 38, பாக்கியாவுக்கு 36, அதிலும் 2012 டிசம்பரில் மெக்சிகோ வீரர் ஹுவான் மானுவல் மார்க்கெஸ் அடித்த ஒரே குத்தில் முகம் குப்புற விழுந்து எழுந்து வந்தவர் பாக்கியாவ். டீயைக் கையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு சுற்றும் பார்த்தேன், டீ ஆறிப்போனது, 2010இன் பாக்கியாவ் எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தேன். நடந்த சண்டையும் நடக்காத சண்டையாகவே முடிந்தது என்று சொல்வேன், வேறு யாராவது ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, வீரர்கள் இருவரும் நேரடியாகப் பேசுகிறார்களா என்று பாருங்கள். எரோல் ஸ்பென்ஸ் - டெரன்ஸ் கிராஃபோர்ட் சண்டையும் ப்ரமோட்டர் தகராறிலேயே வருஷக்கணக்கில் கிடந்தது. கிராஃபோர்ட் 2021 கடைசியில் தன் ப்ரமோட்டரை விட்டு வெளியே வந்தார், 2022இல் பேச்சு ஒரு முறை முறிந்தது, பிறகு இருவரும் போனிலேயே பேசி முடித்தார்கள். 2023 ஜூலை 29, ஒன்பதாவது சுற்றில் கிராஃபோர்ட் முடித்துவைத்தார்.

உடம்பு, நாடு, நிறம்

எந்த ஒப்பந்தத்தாலும் சரிசெய்ய முடியாதவையும் உண்டு. 1982 மே மாதம் ஷுகர் ரே லெனார்டுக்கு 25 வயது. பஃபலோ நகரில் ரோஜர் ஸ்டாஃபோர்டோடு மோதத் தயாராகிக்கொண்டிருந்தபோது கண்ணில் ஏதோ மிதப்பதுபோலத் தெரிந்தது, பரிசோதித்தால் இடது கண்ணில் விழித்திரை பிரிந்திருந்தது. ஆரோன் ப்ரையரோடு மோதும் வாய்ப்பு அதோடு போனது, திரும்பி வரவே இல்லை. அந்த நவம்பரில் பால்டிமோரில் ஒரு பெரிய விழா எடுத்து, மிடில்வெயிட் சாம்பியன் மார்வின் ஹாக்லரையும் அழைத்து உட்கார வைத்து, நம் சண்டை ஒருபோதும் நடக்காது என்று மேடையிலிருந்தே அறிவித்தார் லெனார்ட். கோட்டு சூட்டோடு வந்து உட்கார்ந்திருந்த ஹாக்லர் முகத்தை நினைத்துப் பாருங்கள். 1987இல் லெனார்ட் மனம் மாறித் திரும்பி வந்து அந்தச் சண்டையும் நடந்தது, அதனால் "ஓய்வு" என்ற சொல்லை மட்டும் வைத்து எதையும் முடிந்ததாக எழுதிவிடாதீர்கள். கண்ணில் பிரச்சினை, மூளை ஸ்கேன் என்று வந்தால் எழுதிவிடலாம். அதில் வருத்தப்படவும் வேண்டாம், ஒரு மனிதன் பார்வையோடு வீட்டுக்குப் போகட்டும்.

கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சன் 1972, 1976, 1980 என மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹெவிவெயிட். முகமது அலியோடு அவரை மோதவிட எழுபதுகளில் எவ்வளவோ முயன்றார்கள். அப்போது கியூபாவில் தொழில்முறை விளையாட்டுக்கே தடை இருந்தது, போக வேண்டுமென்றால் நாட்டை விட்டுப் போக வேண்டும், கோடிக்கணக்கான பணத்தைவிடத் தன் மக்களின் அன்பு பெரிது என்று அவர் மறுத்துவிட்டார். அவர் அதை மனதாரச் சொன்னார் என்றுதான் நம்புகிறேன்.

ஹாரி வில்ஸ் கதை இன்னும் கசப்பானது. 1919 முதல் 1926 வரை ஜாக் டெம்ப்ஸி உலக சாம்பியன், அந்தக் காலம் முழுவதும் அவருக்குச் சரியான சவால் கறுப்பின வீரர் வில்ஸ்தான். 1922இல் கையெழுத்துகூட ஆனது. ஆனால் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சன் 1910இல் ரீனோவில் ஜெஃப்ரிஸை வென்றபோது அமெரிக்காவெங்கும் கலவரம் வெடித்து உயிர்கள் போயிருந்தன. அந்தச் சண்டையை நடத்திய டெக்ஸ் ரிக்கார்ட்தான் பிறகு டெம்ப்ஸியின் பெரிய சண்டைகளையும் நடத்தினார். இன்னொரு ஜான்சனை உருவாக்க வெள்ளைக்கார முதலாளிகள் யாரும் தயாராக இல்லை. வில்ஸ் காத்திருந்தே வயதானார். ஒரு கறுப்பின வீரருக்கு அந்தப் பட்டம் மறுபடி கிடைக்க 1937இல் ஜோ லூயிஸ் வர வேண்டியிருந்தது. பழைய காலத்துச் சண்டை ஏன் நடக்கவில்லை என்று தேடும்போது, பணத்துக்கு முன்னால் இந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

செய்தியின் வினைச்சொல்

கடைசியாக, அறிவிப்பின் வார்த்தையைக் கவனமாகப் படியுங்கள். "கொள்கையளவில் சம்மதம்" என்றால் ஒன்றும் எழுதப்படவில்லை. "கையெழுத்தாகிவிட்டது" என்று ஒரு தரப்பு மட்டும் சொன்னால் மறுதரப்பு வாய் திறக்கும்வரை பொறுங்கள். ஊர், அரங்கு, ஒளிபரப்பாளர் மூன்றும் பெயரோடு வந்தால் நல்லது. இரண்டு பேரும் ஒரே மேடையில் செய்தியாளர்களைச் சந்தித்தால் இன்னும் நல்லது. ஊக்கமருந்துப் பரிசோதனைத் திட்டத்தில் இருவரும் சேர்ந்துவிட்டார்கள் என்ற செய்தியை நான் பெரிதாக மதிப்பேன். டிக்கெட் விற்பனையை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள், மேவெதர் - பாக்கியாவ் சண்டைக்கு டிக்கெட்டே ஒன்பது நாள் முன்புதான் விற்பனைக்கு வந்தது. அத்தனையும் சரியாக இருந்தும் பயிற்சியில் ஒரு முழங்கை பட்டால் போயிற்று: ஃப்யூரி - உசிக் 2024 பிப்ரவரி 17க்குக் கையெழுத்தாகியிருந்தது, பயிற்சியில் ஃப்யூரியின் புருவத்துக்கு மேல் கிழிந்து மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. விமான டிக்கெட் போடுகிறவர்கள் ரத்து செய்ய முடிகிற டிக்கெட்டாக எடுங்கள்.

நடக்காமலே போன சண்டையென்றால், அந்த இருவரும் எப்போதாவது, எங்காவது மோதியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள், அமெச்சூர் காலத்தில் பல நேரம் மோதியிருப்பார்கள். போவ் - லூயிஸுக்கு சியோல் இருக்கிறது. தலைக்கவசம் போட்ட இரண்டு ஒல்லிப் பையன்கள். முதல் சுற்றில் போவ் நன்றாகவே ஆடுகிறார். இரண்டாவது சுற்றில் லூயிஸின் வலது கை இறங்குகிறது, நடுவர் நின்றபடியே எண்ணுகிறார், மறுபடி அடி, மறுபடி எண்ணிக்கை, அப்புறம் கையை அசைத்து நிறுத்திவிடுகிறார். போவ் நடுவரைப் பார்க்கிறார், தன்னால் இன்னும் முடியும் என்பதுபோல.